இரண்டாவது ஒப்பந்தம் வரை: ஏஎஃப்எல் ஆட்டக்காரரின் தொழில் கணக்கு

ஏஎஃப்எல் என்பது ஆஸ்திரேலியக் கால்பந்தின் உச்ச லீக். அதன் கிளப்புகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் பெயர் வாசிக்கப்படும் நவம்பர் இரவை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். தொழிலுக்குள் இருப்பவர்கள் போடும் கணக்கு வேறு: அன்றிலிருந்து கையில் எத்தனை மாதம்? தேசிய டிராஃப்டில் வருகிற பையனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு ஆண்டு ஒப்பந்தம். கேட்பதற்கு 24 மாதம். ஆனால் இரண்டாம் ஆண்டு ஆகஸ்டுக்குள் கிளப் ஏறக்குறைய ஒரு முடிவுக்கு வந்திருக்கும். முதல் கோடைப் பயிற்சி உடம்பைப் பழக்குவதிலேயே போய்விடும். நடுவில் ஒரு காயம் என்றால் இன்னும் இரண்டு மூன்று மாதம் போச்சு. மிஞ்சுவது ஓராண்டுக்குச் சற்றுக் கூட. அதற்குள் 'இவனை விட்டால் நமக்குத்தான் நஷ்டம்' என்று கோச் வாயால் வர வேண்டும். முதல் ஒப்பந்தம் கிளப் வைக்கும் பந்தயம். ஆட்டக்காரர் சம்பாதிப்பது இரண்டாவதைத்தான்.

டிராஃப்டில் எத்தனையாவது ஆளாக வந்தோம் என்பது முதல் கோடையோடு மறந்துபோகும். டேன் ஸ்வான் 2001இல் 58ஆவது தேர்வு. 2011இல் லீகின் உச்ச விருதான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். லாக்கி நீல் 2011இல் வந்தார், அவரும் 58ஆவது தேர்வுதான். 2020, 2023 என இரண்டு பிரவுன்லோ. மறுபக்கம் டாம் பாய்ட். 2013இல் முதல் தேர்வு, மறு ஆண்டே வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்கு ஏழாண்டு ஒப்பந்தத்தில் மாறியவர், 2016 இறுதியாட்டத்தை வென்ற அணியில் இருந்தவர். 2019இல் 23 வயதில் மீதி ஒப்பந்தத்தையும் பணத்தையும் விட்டுவிட்டு விலகினார். மனநலப் போராட்டத்தை அவர் மறைக்கவில்லை.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: பாக்சிங் டே டெஸ்டில் நாம் பார்க்கிற அதே எம்சிஜி மாதிரி நீள்வட்ட மைதானம். நீளம் 135 முதல் 185 மீட்டர், அகலம் 110 முதல் 155. ஒரு பக்கத்துக்கு 18 பேர். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையில் உதைத்தால் 6 புள்ளி, ஓரத்து இடைவெளியில் போனால் 1. நான்கு குவார்ட்டர், ஒவ்வொன்றும் 20 நிமிடம்; ஆட்டம் நின்ற நேரத்தையும் சேர்த்தால் அரைமணியை நெருங்கும். பந்தோடு 15 மீட்டருக்கு மேல் ஓட வேண்டுமென்றால் அதைத் தரையில் ஒருமுறை தட்டியோ தொட்டோ எடுக்க வேண்டும். பந்தை எறியக்கூடாது, ஒரு கையில் ஏந்தி மறுகை முஷ்டியால் குத்தித்தான் அனுப்ப வேண்டும். 15 மீட்டராவது பறந்து வந்த உதையைத் தரை தொடாமல் பிடித்தால் 'மார்க்': எதிராளி ஒதுங்கி நிற்க வேண்டும், நிதானமாக உதைக்கலாம். நடுக்கள ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் 12 முதல் 15 கிலோமீட்டர் ஓடுகிறார், அதுவும் மோதிக்கொண்டும் விழுந்து எழுந்தும்.

உள்ளே வரும் வழி பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுதான். ஐந்தாறு வயதில் ஆஸ்கிக் என்ற சிறுவர் பயிற்சித் திட்டம், பிறகு ஊர் கிளப்பின் சிறுவர் அணி, 16 வயதுவாக்கில் விக்டோரியாவில் கோட்ஸ் டேலண்ட் லீக் என்ற இளையோர் லீக், தெற்கு ஆஸ்திரேலியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் அந்தந்த மாநில லீகின் இளையோர் அணி, பிறகு 18 வயதுக்குட்பட்டோருக்கான தேசியப் போட்டி. டிராஃப்ட் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 18 முடிந்திருக்க வேண்டும். அக்டோபரில் நடக்கும் உடல்திறன் சோதனை முகாமான கம்பைனில் 20 மீட்டர் ஓட்டம், நின்றபடியும் ஓடிவந்தும் எம்பும் தாவல், கம்பங்களுக்கிடையே வளைந்தோடும் சோதனை, 2 கிலோமீட்டர் ஓட்டம். 20 மீட்டரை 3 விநாடிக்குள் கடந்தால் வேகக்காரன் என்று குறித்துக்கொள்வார்கள். ஆனால் டாக்டர்கள் அறையிலும் நேர்காணல் அறையிலும்தான் பலருடைய பெயர் பத்து இடம் மேலேறுகிறது, இறங்குகிறது. உயரமான பையன்களின் கீழ்முதுகில் பழைய எலும்பு விரிசல் இருக்கிறதா, தோள் ஏற்கெனவே நழுவியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். மறைத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்தபின் காயத்தைவிட மறைத்ததுதான் பெரிய கரும்புள்ளியாக நிற்கும்.

பக்க வாசல்களும் உண்டு. அப்பா அதே கிளப்புக்கு 100 ஆட்டம் ஆடியிருந்தால் தந்தை–மகன் விதியில் கிளப் முன்னுரிமை கோரலாம். பூர்வகுடிப் பிள்ளைகளுக்கும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் கிளப்புகள் நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமி நடத்துகின்றன. மெல்பர்ன் புறநகரில் வளரும் ஆசியக் குடும்பத்துப் பையன்களின் பெற்றோர் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வேறு விளையாட்டிலிருந்தும் ஆள் எடுப்பார்கள். கல்லூரிக் கூடைப்பந்து முடித்து அமெரிக்காவிலிருந்து வந்த 211 செ.மீ. மேசன் காக்ஸ், 2023இல் காலிங்வுட் கோப்பை வென்றபோது களத்தில் இருந்தார். சீசன் நடுவிலேயே ஒரு டிராஃப்ட் 2019இல் திரும்ப வந்தது. அந்த ஆண்டே அதில் ரிச்மண்ட் எடுத்த மார்லியன் பிக்கெட் 27 வயதில் தன் முதல் ஏஎஃப்எல் ஆட்டத்தை இறுதியாட்டத்திலேயே ஆடிக் கோப்பையும் வென்றார். 1952க்குப் பிறகு இறுதியாட்டத்தில் அறிமுகமான முதல் ஆள் அவர். ஆகவே 18 வயதில் பெயர் வரவில்லை என்றால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. மாநில லீகில் வாராவாரம் நன்றாக ஆடிக்கொண்டே இருப்பவரைத்தான் மே–ஜூன் வாக்கில் தேடி வருவார்கள்.

இனி உதை. எந்தக் கோச்சைக் கேட்டாலும் முதல் ஆண்டுப் பையனிடம் முதலில் பார்ப்பது இதைத்தான் என்பார். டிராப் பன்ட் என்ற அடிப்படை உதையை எல்லோரும் ஆறு வயதிலிருந்து உதைக்கிறார்கள். களைத்துப்போன கடைசிக் குவார்ட்டரில் சரியாக உதைப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பந்தின் நீள அச்சு செங்குத்தாக, கூர்முனை கீழே பார்த்து, உதைக்கும் கால் தொடைக்கு நேராக இருக்க வேண்டும். விரல்கள் இரு பக்கமும் விரிந்து பிடிக்கும். வலது காலால் உதைப்பவர் இடது கையை முதலில் எடுப்பார். வலது கை பந்தை இடுப்புக்குக் கீழே வரை வழிநடத்தி விடும். கணுக்கால் விறைத்து, கால்விரல் நீட்டி, பாதத்தின் மேல்தட்டு பந்தின் கீழ்முனையில் பட வேண்டும். அப்போதுதான் பந்து பின்னோக்கிச் சுழன்றபடி நேராகப் போகும், எதிரே ஓடிவருகிறவரின் கையில் மெத்தென்று உட்காரும்.

கெடுவது பெரும்பாலும் காலில் இல்லை, கையில். மார்பளவிலேயே பந்தை விட்டுவிட்டால் விழும் தூரம் கூடும். அந்தத் தூரத்தில் காற்றோ உடல் அசைவோ அச்சைச் சாய்த்துவிடும், பந்து பாதத்தின் ஓரத்தில் பட்டு விலகும். களைப்பு வந்ததும் முதலில் மேலேறுவது இந்தக் கைதான். பின்னால் சாய்ந்து உதைத்தால் பந்து மிதக்கும், எதிரணிப் பின்வரிசைக்கு ஓடிவந்து தட்டிவிட நேரம் கிடைக்கும். இடுப்பு முன்கூட்டியே திரும்பினால் வலதுகாலன் உதை இடப்பக்கம் வளையும்.

மார்க் எடுத்தபின் கோலுக்கு உதைக்க 30 விநாடி உண்டு. அதை முழுதாக எடுங்கள். பத்துப் பன்னிரண்டு எட்டு, ஒவ்வொரு முறையும் அதே எண்ணிக்கை, கடைசி மூன்று எட்டில் வேகம் கூட வேண்டும், குறையக்கூடாது. நேர்கோட்டை விட்டு விலகி ஓடிவந்தால் நடுவர் 'ப்ளே ஆன்' (ஆட்டம் தொடர்கிறது) என்று சொல்லிவிடுவார், எதிரே நிற்பவர் பாய்ந்துவிடுவார். கோல் உதையைத் தினமும் நூறு பழகலாமே என்று வெளியிலிருந்து கேட்பார்கள். முடியாது. முழு வலு உதை ஒவ்வொன்றும் முன்தொடைக்கும் தொடை இடுக்குக்கும் சுமை. வாரத்துக்கு இத்தனை உதைதான் என்று கிளப்பின் உடற்பயிற்சிக் குழு எண்ணி வைக்கிறது. அதனால் எண்ணிக்கையைக் கூட்டாமல், ஓடிக் களைத்த உடனே ஐந்தாறு உதைத்துப் பழகுவதுதான் ஆட்டத்துக்கு உதவும்.

நவம்பர் நடுவில் முதல் நான்கு ஆண்டு ஆட்டக்காரர்கள் முதலில் பயிற்சிக்குத் திரும்புவார்கள். மூத்தவர்கள் இரண்டு வாரம் பிந்தி. வந்ததுமே 2 கிலோமீட்டர் ஓட்டம். விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று அந்த ஓட்டம் சொல்லிவிடும். ஆறரை நிமிடத்துக்குள் வருபவரைக் கோச் கவனிப்பார். அதுவரை வாரத்துக்கு மூன்று பயிற்சி செய்த பையன் திடீரென்று முழுநேரப் பயிற்சிக்குள் விழுகிறான். பாத எலும்பு, முன்னங்கால் எலும்பு, இடுப்பு முன்னெலும்பு ஆகியவற்றில் அழுத்தக் காயம் வருவது இப்போதுதான். வலி காலையில் எழும்போதே இருந்தால், ஓடி 'சூடேறியதும்' மறைந்தாலும், அன்றே ஃபிசியோவிடம் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் சொல்லாமல் ஓடியதால் மூன்று மாதம் போன பையன்கள் ஒவ்வொரு கிளப்பிலும் உண்டு. இன்னொன்று, ஒரே கோடையில் பத்து கிலோ சதை ஏற்றும் ஆசை. எடை வரும், ஓட்டம் போய்விடும். ஆண்டுக்கு மூன்று நான்கு கிலோ போதும்.

சீசனில் 23 லீக் ஆட்டங்கள். சனிக்கிழமை ஆட்டம் என்றால் ஞாயிறு நீச்சல் குளம், மசாஜ், காயப் பரிசோதனை; திங்கள் வீடியோவும் இலேசான ஓட்டமும்; செவ்வாய் உடற்பயிற்சிக் கூடமும் உதைப் பயிற்சியும்; புதன் ஓய்வு; வியாழன் முழுப் பயிற்சி; வெள்ளி அரைமணி நேர ஒத்திகை. இரண்டு ஆட்டத்துக்கு நடுவே ஆறோ ஐந்தோ நாள்தான் என்றால் வெட்டப்படுவது வியாழன் பயிற்சிதான், ஞாயிறு ஓய்வு அல்ல. பெர்த்தில் இருக்கும் வெஸ்ட் கோஸ்ட், ஃப்ரீமேன்டில் ஆட்டக்காரர்களுக்கு இதோடு ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாலு மணி நேர விமானம் சேரும். அடிபட்ட தொடையோடு விமான இருக்கையில் மடங்கி உட்காருவது குணமாவதைத் தள்ளிப்போடும். அழுத்தக் காலுறையும் ஓர வரிசை இருக்கையும் சின்ன விஷயமாகத் தெரியும், பத்தாண்டு ஆட நினைப்பவருக்கு அப்படியில்லை.

முதல் அணிக்குள் நுழைய எல்லோரும் திறமையைக் காட்டப் பார்க்கிறார்கள். கோச் தேடுவது ஓர் இடத்தை நிரப்ப ஆளை. குள்ளமான முன்வரிசைக்காரர் காயமானால், அந்த இடத்துக்கு டேக்கிள் போட்டு (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்தி) எதிரணிப் பின்வரிசையை மூச்சுவிடாமல் செய்பவர் வேண்டும். கிளப்பின் இரண்டாம் அணி ஆடும் விஎஃப்எல் லீகில் நடுக்களத்தில் 30 முறை பந்தெடுத்தவர் அந்த வாரம் எடுபடமாட்டார். இரண்டாம் அணிக்கு இறக்கும்போது கோச் இரண்டு மூன்று வேலை சொல்லுவார்: பந்து இல்லாதபோது திரும்பி ஓடு, கோலுக்கு முன்னாலுள்ள 50 மீட்டர் வளைவுக்குள் இத்தனை டேக்கிள் போடு, இப்படி. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அந்த வேலையின் வீடியோவைத்தான் முதலில் போடுவார், நீங்கள் அடித்த நாலு கோலை அல்ல. ஆள் மாற்றத்துக்கு 2021 முதல் ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு 75 என்ற உச்சவரம்பு இருப்பதால், ஒரு ஓட்டத்துக்குப் பிறகு பெஞ்சுக்கு வராமல் மூச்சைப் பிடித்து இன்னொரு இடத்தில் ஆடத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடியிருக்கிறது. பின்வரிசையும் ஓரமும் இரண்டும் தெரிந்தவருக்கு இரண்டாவது ஒப்பந்தம் சீக்கிரம் வருவதைப் பார்க்கலாம்.

காயத்தில் எண்ணிக்கையில் முதலிடம் பின்தொடைத் தசைக்கு, அதாவது ஹேம்ஸ்ட்ரிங்குக்கு. முழு வேகத்தில் ஓடியபடியே குனிந்து தரைப் பந்தை எடுக்கும் அந்த ஒரு கணத்தில் இடுப்பு மடங்கி, முழங்கால் நீண்டு, தசை உச்சத்தில் இழுபடுகிறது. கிழிவது பெரும்பாலும் அப்போது. குணமாகி வருகிறவர் நேர்கோட்டில் வேகமாக ஓடிக் காட்டுவார், எல்லோரும் கைதட்டுவார்கள், முதல் ஆட்டத்தில் குனிந்ததும் மறுபடி கிழியும். திரும்பும் முன் அதே அசைவை முழு வேகத்தில், களைப்போடு, பலமுறை செய்து பார்த்திருக்க வேண்டும். தடுப்பதற்கு வாரத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது உச்ச வேகத்தின் 90 சதவீதத்தைத் தொடும் ஓட்டம், கூடவே நார்டிக் பயிற்சி (மண்டியிட்டு, கணுக்காலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, உடம்பை மெல்ல முன்னால் சாய்ப்பது). தோள்பட்டைகளுக்கு நடுவே பையில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி வேகத்தைப் பதிவு செய்கிறது. அந்த எண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், வாரக்கணக்கில் வேகமே தொடாமல் ஆட்டத்தில் திடீரென்று தொடுவதுதான் ஆபத்து.

முழங்கால் முன் ஜவ்வு கிழிந்தால் ஏறக்குறைய ஒரு வருடம். சிட்னியின் அலெக்ஸ் ஜான்சன் 2012 கோப்பை வென்ற பிறகு அடுத்தடுத்த அறுவை சிகிச்சைகளில் ஆறு ஆண்டு இழந்தார். 2018இல் திரும்பிய இரண்டாவது ஆட்டத்தில் மறு முழங்கால் போனது.

தலையில் அடிபட்டால் ஏஎஃப்எல்லில் குறைந்தது 12 நாள் ஆட முடியாது. அறிகுறியை மறைக்கும் பழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. சீசன் தொடக்கத்துக் கணினிச் சோதனையில் வேண்டுமென்றே மந்தமாகச் செய்து, அடிபட்டபின் 'சரியாகத்தானே இருக்கிறேன்' என்று காட்டுவது பழைய தந்திரம். பைத்தியக்காரத்தனம். மெல்பர்ன் ஆட்டக்காரர் ஆங்கஸ் பிரேஷா 2023 இறுதிச்சுற்றில் அடிபட்டு 2024 பிப்ரவரியில், 28 வயதில், டாக்டர்கள் சொன்னபடி ஓய்வு பெற்றார். பாலி ஃபார்மர், டேனி ஃப்ராலி போன்ற பழைய ஆட்டக்காரர்களின் மூளையில் இறப்புக்குப் பின் கண்டறிந்த சேதம் எல்லோருக்கும் தெரியும்.

பணத்துக்கு வருவோம். 2023இல் கையெழுத்தான ஐந்தாண்டு உடன்பாட்டின்படி ஆண்கள் லீகின் சராசரிச் சம்பளம் 2027இல் 5,19,000 ஆஸ்திரேலிய டாலரை எட்ட வேண்டும். சராசரியை நம்பி வீடு வாங்காதீர்கள். முதல் ஒப்பந்தத்தில் பேரமே கிடையாது. நிர்ணயித்த அடிப்படைத் தொகை, முதல் அணியில் ஆடும் ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு தொகை, அவ்வளவுதான். 1,90,000 டாலரைத் தாண்டும் வருமானத்துக்கு 45 சதவீத வரி, மேலே 2 சதவீத மருத்துவ வரி. ஏஜென்ட் ஆட்டக்காரர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றவரா என்று பாருங்கள். இரண்டாவது ஒப்பந்தத்தில் மொத்தத் தொகையைவிட முக்கியம் இரண்டு வரி: இத்தனை ஆட்டம் ஆடினால் தானாக ஓர் ஆண்டு நீளும் என்ற பிரிவு, காயத்தால் ஆட முடியாத வாரத்துக்கு என்ன கிடைக்கும் என்ற பிரிவு. ஒரே கிளப்பில் எட்டு ஆண்டு முடித்தால் ஃப்ரீ ஏஜென்ட் உரிமை, அதாவது ஒப்பந்தம் முடிந்ததும் தானே வேறு கிளப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, தொடங்கும். அதிகச் சம்பளக்காரர் என்றால் வேறு கிளப் சொல்லும் விலையைப் பழைய கிளப் ஈடுகட்டி நிறுத்திக்கொள்ளலாம். பத்து ஆண்டு முடிந்தால் அந்தத் தடையும் இல்லை. 2013 முடிவில் லான்ஸ் ஃப்ராங்க்ளின் ஃப்ரீ ஏஜென்ட்டாகத்தான் ஹாதர்னிலிருந்து சிட்னிக்கு ஒன்பதாண்டு ஒப்பந்தத்தில் போனார். 35ஆம் வயது வரை அவர் எப்படி ஆடப்போகிறார் என்று பலரும் சிரித்தார்கள்; 2022இல் ஆயிரமாவது கோல் அடித்தபோது சிட்னி மைதானமே களத்துக்குள் இறங்கியது.

தொழிலை ஒரே நாளில் கெடுக்கும் விஷயங்கள் இரண்டு. தன் லீகின் எந்த ஆட்டத்திலும் ஒரு டாலர்கூடப் பந்தயம் கட்டக்கூடாது. 2019இல் காலிங்வுட்டின் ஜெய்டன் ஸ்டீஃபன்சன் தன் அணி ஆட்டங்களில் கட்டியதற்குப் பத்து ஆட்டம் வெளியே உட்கார்ந்தார், 20,000 டாலர் அபராதம். அடுத்தது, உடம்புக்குள் போகும் எதுவும். எசெண்டன் கிளப்பின் 2012 ஊசித் திட்டத்துக்காக 34 ஆட்டக்காரர்கள் 2016 முழுக்கத் தடை செய்யப்பட்டார்கள். கிளப் கொடுத்தது என்ற வாதம் எடுபடவில்லை, ஜோப் வாட்சன் 2012 பிரவுன்லோவையே இழந்தார். பெயர் எழுதாத எந்தப் பொடியையும் ஊசியையும் மறுக்கவும், எடுத்ததை மறைக்காமல் பரிசோதனைப் படிவத்தில் எழுதவும் முதல் வாரத்திலேயே பழக வேண்டும்.

பெண்கள் லீக் 2017இல் தொடங்கியது. அங்கே இப்போது ஆண்டு முழுவதற்கான ஒப்பந்தம் வந்துவிட்டது, ஆனால் சம்பளம் ஆண்களுக்குப் பக்கத்தில்கூட இல்லை. பலர் வேலையோ படிப்போ சேர்த்தே நடத்துகிறார்கள். முழங்கால் ஜவ்வுக் காயம் அவர்களுக்கு விகிதத்தில் அதிகம். குதித்து இறங்குவதையும் திடீரென்று திரும்புவதையும் வார்ம்-அப்பிலேயே பழகுவது அவர்களுக்கு விருப்பப் பாடம் இல்லை.

முடிவு பெரும்பாலும் தானாகத் தேர்ந்தெடுப்பதாக இருக்காது. 432 ஆட்டம் ஆடிய ப்ரெண்ட் ஹார்விக்கே 2016இல் 38 வயதில் அடுத்த ஒப்பந்தம் தரப்படவில்லை. கேன் கார்ன்ஸ் மாதிரி 300ஆவது ஆட்டத்தை முடித்துத் தீயணைப்புத் துறை வேலைக்கு நடந்துபோவது அபூர்வம். அவருக்கு அந்த வேலை முன்பே உறுதியாகியிருந்தது. ஆட்டக்காரர் சங்கத்தின் கல்வி உதவி ஆடும்போதே கிடைக்கும். ஓய்வு நாளான புதனில் ஒரு பாடம் வீதம் எடுத்தால் ஆறாம் ஆண்டில் கையில் ஒரு தகுதி இருக்கும். விலகும் மாதத்தில் செய்ய வேண்டியது: மீதமுள்ள அறுவை சிகிச்சைச் செலவை யார் ஏற்பது என்று எழுத்தில் வாங்குங்கள், எம்ஆர்ஐ படங்களும் தலைக்காயப் பதிவுகளும் எல்லாம் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஊர் லீகில் ஆடப் போனால், அங்கே ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு புள்ளி மதிப்பு வைப்பார்கள், அணியின் மொத்தம் ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது; மேல்மட்டத்தில் ஆடியவருக்குப் புள்ளி அதிகம். கிளப்பின் புள்ளி வரம்புக்குள் நீங்கள் அடங்குகிறீர்களா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். அங்கே தலையில் அடிபட்டால் விலகி நிற்க வேண்டியது 12 நாள் இல்லை, 21 நாள். திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியாவிட்டால் அந்தச் சம்பளத்தை ஊர் கிளப் தராது. வருமானக் காப்பீட்டை முதல் ஆட்டத்துக்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.